தோற்றுப்போகத் தெரிந்த பத்து மாமா

மூன்றாவது தடவையாக ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான் தம்பி. நாற்பத்து நான்கு வயது, லிஃப்ட் மெக்கானிக், முன்மண்டையில் ஏற்கெனவே பளபளப்பு. அழுது அழுது மூக்கு வேறு சிவந்து கிடந்தது.

"போதும்டா, ஷூ தேஞ்சிடப் போகுது. பன்னெண்டு மணிக்கு எடுத்துடுவாங்களாம்" என்றாள் அக்கா.

"நீ வர வேணாம்க்கா. அங்க வந்து சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன். இந்தக் கண்ணோட நீ வண்டி ஓட்டினா உன்னையும் சேத்து எடுக்க வேண்டியிருக்கும். அதான் வர்றேன்."

இறந்துபோனவர் பத்து மாமா. அந்தக் காலத்தில் டிவியில் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடியவர். கண்ணைப் பொத்திக்கொண்டு பத்து வரை எண்ணுவார். பார்க்கிற பிள்ளைகள் அவரவர் வீட்டில் ஒளிந்துகொள்ள வேண்டும். மேஜைக்கு அடியில், கூடைக்குள், கடைசியில் தன் பச்சைத் தொப்பிக்குள்ளும் தேடிவிட்டு, "இங்கயும் காணோமே! சரியான கில்லாடி நீ! தோத்துட்டேன், வெளிய வா" என்பார்.

தம்பி ஒருநாள் விடாமல் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நிற்பான். அவ்வளவு பெரிய ரசிகன், நிகழ்ச்சியின் பின்பாதியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது! அக்கா சோபாவில் சாய்ந்தபடி, "டேய், கால் தெரியுது" என்பாள். தினமும். அதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

வண்டியில் போகும்போது தம்பி மூக்கை உறிஞ்சினான். "கேரம், சீட்டு, ஓட்டப்பந்தயம், எதுலயும் உன்கிட்ட நான் ஜெயிச்சதில்லக்கா. என்கிட்ட தோத்த ஒரே ஆளு அவருதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "பெல்ட்ட போடு" என்று மட்டும் சொன்னாள்.

மண்டபத்தில் பத்து மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார், இன்னும் எண்ணிக்கொண்டிருப்பவர் மாதிரி. தலைமாட்டில் பச்சைத் தொப்பி. தம்பி கிட்டே போய் நின்றான். ஏதாவது கூத்து பண்ணித் தொலைப்பானோ என்று அக்காவுக்கு ஒரே பதைப்பு. அவன் உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறான் என்று அவளுக்குப் புரிவதற்குள் பூவோடு ஒரு கூட்டம் குறுக்கே வந்தது. கூட்டம் விலகியபோது ஆளைக் காணோம்.

காணோமாவது! பக்கத்து ஜன்னலின் நீளத் திரைக்கு அடியில் இரண்டு ஷூ ஜொலித்துக்கொண்டிருந்தன. திரை லேசாகக் குலுங்கியது.

"டேய், கால்..." வாய்வரை வந்ததை அக்கா விழுங்கினாள்.

"யாரம்மா தேடற?" முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்து மாமாவின் மனைவி கேட்டாள்.

"என் தம்பியம்மா. இங்கதான் நின்னான்."

அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் சட்டென்று மலர்ந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குனிந்து, தன் நாற்காலிக்கு அடியில் தேடினாள்.

"இங்கயும் காணோமே!" என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படி.

பிறகு தலைமாட்டிலிருந்த தொப்பியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதற்குள் நன்றாக எட்டிப் பார்த்தாள்.

"இதுலயும் இல்லம்மா. சரியான கில்லாடி அவன்." திரைப் பக்கம் திரும்பினாள். "நான் தோத்துட்டேன்."

திரைக்கு அடியில் இரண்டு ஷூவும் மெல்ல, சத்தமில்லாமல், உள்ளே நகர்ந்துகொண்டன.