எல்லைக்கு அந்தப் பக்கம்

தீமிதிக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து ஆனந்தராஜ் திரௌபதி அம்மன் கோயிலிலேயே படுத்துக்கொண்டான். காப்புக் கட்டியவன் வீட்டுக்குப் போகக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மனைவி ஜெயசுதாதான் வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோனாள். கோயிலில் இருந்த அவன் துணிப்பையில் இதய மாத்திரையையும் வைத்திருந்தாள். போன வருஷம் நெஞ்சுவலி வந்து செஞ்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்தது. நெஞ்சுத் துடிப்பையும் பிரஷரையும் அடக்கிவைக்கும் மாத்திரை, நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார்.

தீமிதியன்று மத்தியானம், துவைக்க வேண்டிய துணியை எடுக்க அந்தப் பையை உதறினாள். மாத்திரை அட்டை கீழே விழுந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

ஆனந்தராஜ் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பூசிய மஞ்சள் வியர்வையில் கரைந்து வழிந்தது. கழுத்து நரம்பு துள்ளுவது தள்ளி நின்றாலே தெரிந்தது.

“இன்னாயா இது? மாத்திர போடவே இல்லையா?”

“காப்பும் கட்டிக்கினு மாத்திரையும் முழுங்கினா, அம்மாவ பாதி நம்பறன்னு ஆவாதா?”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு.”

“நெஞ்சு வலிக்குதா?”

அவன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டான்.

காப்புக் கட்டிய இன்னொருவன், விநாயகம், வேப்பிலை கட்டிக்கொண்டே சிரித்தான். “அண்ணி, அண்ணனுக்கு நெருப்ப பாத்து பயம். அதான் வேர்க்குது.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடுமென்று மாத்திரைகளைப் பிதுக்கிக் கையில் கொட்டினாள். அப்புறம் கை நின்றுவிட்டது. அடங்குவதற்குப் பதில் நெஞ்சே நின்றுபோனால்? நூற்றியெட்டு ஆம்புலன்ஸுக்கு அடித்தாள்.

“விட்டுப்போனத மொத்தமா குடுத்துடாதீங்க” என்றது போனில் ஒரு பெண் குரல். “நடக்க விடாதீங்க, உக்காந்தே இருக்கட்டும். வண்டி கெளம்பிடுச்சு.”

“வண்டியா?” ஆனந்தராஜ் அவள் கையைப் பிடித்தான். அவன் விரல்கள் ஈரமாகக் குளிர்ந்திருந்தன. “எல்லைய தாண்ட மாட்டேன் சுதா. நான் வேண்டிக்கினதே அமலாவுக்கோசரம். புள்ளய சுமந்துக்கினு இருக்கா. காப்போட தாண்டினா அவளுக்கு எதுனா ஆயிடும்.”

மகள் பெயரைக் கேட்டதும் ஜெயசுதாவும் அவன் மணிக்கட்டிலிருந்த காப்பைப் பார்த்தாள். ஏற்கெனவே ஒரு தடவை கரு தங்காமல் போனவள் அமலா. சாலையில் வண்டியின் சத்தம் நெருங்கியது. அவன் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

“காப்ப அவுத்துடுங்க” என்றாள் பூசாரி சுந்தரமூர்த்தியிடம்.

“தீயில எறங்காம எப்பிடிம்மா அவுக்கறது?” அவர் இரண்டடி பின்வாங்கினார். “நான் தொட மாட்டேன்.”

ஜெயசுதா மண்டியிட்டுக் கணவனின் மணிக்கட்டை இழுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்தாள். நாக்கெல்லாம் மஞ்சள் கசந்தது.

“குத்தம் என்னுது, தாயே” என்று சந்நிதியைப் பார்க்காமலே சொன்னாள்.

வண்டி எல்லைக்கல்லைத் தாண்டும்போது ஆனந்தராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். உள்ளே இருந்த நர்ஸ் ரூபினா அவன் விரலில் கிளிப்பை மாட்டினாள். திரையில் துடிப்பின் எண் ஏறிக்கொண்டே போனது.

“மாத்திரைய எப்ப நிறுத்தினாரு?”

“காப்பு கட்டன அன்னிலருந்து.”

“அத டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்கக்கா. மறைக்காதீங்க.”

“பொழச்சுக்குவாரா?”

ரூபினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சீக்கிரம் போயிடலாம்க்கா.”

போன் அடித்தது. அமலா. ஜெயசுதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுத்தாள்.

“அம்மா, நைனா தீயில எறங்கிட்டாரா?”

“இன்னும் இல்லடி. நீ எப்பிடி இருக்க? வயிறு வலி ஒண்ணும் இல்லியே? மொதல்ல அத சொல்லு.”