மேசை நிறுத்தம்

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு படப் புத்தகம் வரைந்து தருகிறேன் என்று ஓவியக்காரி சொன்ன வாரத்தில், அந்த வீட்டின் நடைவழி ஒரு முழம் நீண்டது. முதலில் கவனித்தவர் அவள் கணவர். அவர் கட்டட மேஸ்திரி. அந்த வீட்டைத் தன் கையால் கட்டியவர். படுக்கையறை வாசலில் தொடங்கி, பின்பக்கத்து ஜன்னலோரம் கிடந்த அவளுடைய வரைமேசையில் முடிகிற அந்த வழியை நாடா வைத்து அளந்தார், மறுபடி அளந்தார், நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நாடா வாங்கி வந்து அளந்தார். "நான் கட்டின வீடு நீளவும் நீளாது, குறையவும் குறையாது. நீதான் ஏதோ பண்ணிட்டே" என்றார். அவள் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் காரணம் என்பது விளங்கச் சில காலம் ஆயிற்று.

அவள் சோம்பேறி இல்லை. மேசைக்குப் போவதற்கு முன்னால் பாத்திரங்களைத் துலக்கிவிடலாம் என்று நினைப்பாள், துலக்குவாள். அலமாரி கண்ணில் படும், அடுக்குவாள். பென்சில்களை எல்லாம் சீவி, சீவியதில் கூர் சரியில்லை என்று திரும்பச் சீவுவாள். பிறகு, இன்றைக்கு வெளிச்சம் போய்விட்டது, நாளைக்கு ஆற அமர உட்காரலாம் என்பாள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு 'நாளைக்கு'க்கும் நடைவழி கொஞ்சம் நீண்டது. மகள் பிறந்து தவழ்ந்தபோது மேசை ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பள்ளியில் சேர்த்தபோது அதன் ஜன்னல் அரிசிமணி அளவுக்குத் தெரிந்தது. பிறகு சுவர் ஓர் இடத்தில் வளைய, அதுவும் மறைந்துபோயிற்று. தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீடு பழைய அளவிலேயே இருந்ததால், அக்கம்பக்கத்தில் யாரும் புகார் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்குக் கூடம் நிஜமாகவே நீண்டுகொண்டு போனது. அதனால் சாக்குச் சொல்வதற்காக அவள் பொய் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

புத்தகம் குளிக்க மறுத்த ஒரு கரடியைப் பற்றியது. அதை அவள் மகளுக்கு வாயால் சொல்லித் தூங்க வைப்பாள். கேட்டு முடித்ததும் மகள், "படம் எங்க?" என்பாள். "நாளைக்கு" என்பாள் இவள். ஒரு விடுமுறையில் மகள், மேசையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பி, பாதி வழியில் செருப்பு அறுந்து, ஒற்றைக்கால் செருப்போடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து கரடிக் கதை கேட்பதை விட்டுவிட்டாள். ஓவியக்காரி அதைக் கவனித்தாள். கவனித்ததை மறப்பதற்காகத் தலையணை உறைகளை எல்லாம் துவைத்துப் போட்டாள்.

காலி இடம் என்று ஒன்று இருந்தால் ஆள் வராமல் போகுமா? முதலில் ஒரு பென்சில் கடைக்காரர் நடைவழிக்குள் வந்து, தினமும் வாங்கக்கூடிய வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்துக் கடை போட்டார். அப்புறம் ஒரு டீக்கடை. புத்தகம் எழுதப்போகிறவர்கள், பாட்டுக்கு மெட்டுப் போடப்போகிறவர்கள், சிலை செதுக்கப்போகிறவர்கள் எல்லாரும் அங்கே வந்து உட்கார்ந்து, செய்யப்போவதைப் பற்றி நாள் முழுக்கப் பேசினார்கள். குடியிருக்க வீடுகள் வேண்டியிருந்தன. மேஸ்திரிக்குக் கை ஓயாத வேலை கிடைத்தது. அதன்பின் அவர் நடைவழியைக் குறை சொன்னதில்லை. நகராட்சி விளக்குக் கம்பம் நட்டது. டீக்கடைக்குச் சற்று முன்னால், தள்ளிப்போடும் பழக்கத்தை வெல்வது எப்படி என்று வாரம்தோறும் வகுப்பு நடத்த ஒரு கூடம் கட்டினார்கள். ஓவியக்காரி அதில் மாணவியாகச் சேர்ந்தாள். நோயை அவளைவிட அறிந்தவர் எவரும் இல்லை என்பது தெரிந்து அவளையே ஆசிரியை ஆக்கிவிட்டார்கள். ஊருக்குத்தானே உபதேசம், பிரமாதமாகப் பேசினாள். கேட்டவர்கள் கண்கலங்கி, அடுத்த வாரமும் வந்தார்கள்.

நடைவழியில் பஸ் விட்டபோது மகளுக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது. டிக்கெட் கொடுப்பதும் அவள்தான். படுக்கையறையில் ஏறினால் பென்சில் கடை, வகுப்புக் கூடம், டீக்கடை, கடைசியில் மேசை. டீக்கடையில் பஸ் காலியாகிவிடும். அங்கிருந்து வெறும் வண்டியை மேசைவரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் சாதாரணமாகச் சொன்னாள். "மேசை ஸ்டாப்பை எடுக்கப் போறாங்க. இனிமே டீக்கடையோட வண்டி திரும்பிரும்."

"ஏன்?"

"யாரும் இறங்கினதே இல்லியே. ஆபீஸ்ல என்னைக் கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்."

"ஒருத்தர் ரெண்டு பேர் இறங்குறாங்கன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாரும்மா அந்த ஒருத்தர்?"

ஓவியக்காரி, "நான் வேணா அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்தாள். "அடுத்த வாரம் போர்டை மாத்திருவாங்க" என்று மகள் எழுந்து கை கழுவப் போனாள்.

மறுநாள் காலையில் ஓவியக்காரி பாத்திரங்களைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினாள். "எங்க இறங்கணும்?" என்றாள் மகள், எல்லாரையும் கேட்பதைப் போலவே. "கடைசி" என்றாள் இவள். மகள் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். புதுச் சரக்கு வந்திருப்பதாகப் பென்சில் கடைக்காரர் கையசைத்தார். அன்றைக்கு வகுப்பு அவளுடையது. கூடத்து வாசலில் மாணவர்கள் காத்து நின்றார்கள். அவள் சீட்டுக்குக் கீழே குனிந்து ஒளிந்துகொண்டாள். டீக்கடையில் எல்லாரும் இறங்கினார்கள். அதற்கப்பால் கடையும் இல்லை, ஆளும் இல்லை. கல்யாணமான புதிதில் மேஸ்திரி அடித்த வெளிர்நீலச் சுண்ணாம்பு மட்டும் இரண்டு பக்கமும் ஓடியது.

மேசையில் ஒரு தாள் கிடந்தது. அதில், புத்தகம் தருவதாகச் சொன்ன அன்று அவள் வரைந்த கரடியின் ஒரு காது மட்டும் இருந்தது. உலகத்திலேயே அழகான காது அது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். சுமாரான காதுதான்.

"நான் கிளம்பறேன். சாயங்கால ட்ரிப்ல வருவேன்" என்றாள் மகள்.

"அதுவரைக்கும் நான் இங்க என்ன பண்றது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

துலக்கப் பாத்திரம் இல்லை, பேச ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் ஓவியக்காரி வரைந்தாள். கரடி கோணி மூட்டையைப் போல வந்தது. மறுநாள் வரைந்தது நனைந்த கோணி மூட்டையைப் போல இருந்தது. அதற்கு அடுத்த நாளும் போனாள். ஒரு பயணி இறங்கினாலும் நிறுத்தம் நிறுத்தம்தான் என்று ஆபீஸில் போர்டை விட்டுவைத்தார்கள். வகுப்பில் மட்டும் வருத்தம். இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று பேசிக்கொண்டு, பத்து வருஷமாக நாவலின் தலைப்பை யோசித்துக்கொண்டிருந்த ஒருவரை ஆசிரியர் ஆக்கினார்கள்.

புத்தகம் முடிந்த அன்று மகளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. டீக்கடை நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தாள். பயணிகள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழவில்லை.

"நீ சொல்றப்ப கரடி கடைசிவரைக்கும் குளிக்கவே குளிக்காதே" என்றாள்.

"வரையறப்ப குளிச்சிருச்சு."

மகள் புத்தகத்தை மூடி, சீட்டுக்கு அடியில் தன் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்காமல் சற்று நேரம் இருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

புத்தகம் முடிந்தால் நடைவழி சுருங்கிவிடும் என்று எதிர்பார்த்து மேஸ்திரி நாடாவை எடுத்தார். ஒரு விரல்கூடக் குறையவில்லை; அவ்வளவு பேர் குடியிருக்கும்போது அது எப்படிக் குறையும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஓவியக்காரி இரண்டாவது புத்தகத்தைத் தொடங்கிவிட்டாள். காலை வண்டியில் போய், சாயங்கால வண்டியில் திரும்புகிறாள். இப்போதும் சில நாட்களில், இன்றைக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்துவிடுவது உண்டு. அதற்கு மறுநாள் மேசை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். மகள் பிரேக்கைச் சற்றுத் தாமதமாக மிதிக்கிறாள்.