வலது மூலைக் கட்டம்

எந்தக் கட்டட வரைபடத்தை எடுத்தாலும் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று வரி. என் தோழி செரெயானா எங்கள் தீவுத் தலைநகர் சுவாவில் ஒரே கட்டடக்கலை அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் இருந்தாள். பள்ளிக்கூடம், தேவாலயம், மருந்தகம் என்று அவள் மனதில் உருவானவை ஏராளம். ஆனால் முதல் வரியில் எப்போதும் முதலாளி கிரஹாம் பெட்டிஃபரின் 'ஜி.பி.'தான். அவளுக்கு இரண்டாவது வரி. அந்த 'ஜி.பி.'யையும் கணினியில் அவள் கையாலேயே தட்ட வேண்டும். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

நாங்கள் ஐந்து பெண்கள், ஐவரும் கட்டடக் கலைஞர்கள். சனிக்கிழமை மதியம் என் வீட்டுக் கார் ஷெட்டில் பாய் விரித்து, யங்கோனா என்கிற போதை வேர்ப்பானம் கலக்கிய சட்டியைச் சுற்றி உட்காருவோம். முதல் ஆறு மாதம் வெறும் புலம்பலும், எங்களைக் கண்டுகொள்ளாத கட்டடக்கலை விருதுக்குழுவுக்குப் புகார்க் கடுதாசியும்தான். பிறகு எனக்கே அலுத்துவிட்டது.

"விருதுக்குழுவுக்கு இன்னொரு கடுதாசி போட்டா மட்டும் கிழிச்சிடுவாங்களா? நாமளே ஒண்ணு கட்டுவோம்டி. வேணும்ங்கிறவங்களுக்கு, நம்ம பேர்ல," என்றேன்.

"ரேணுகா கவுண்டருக்கு ஏறிடுச்சு, அடுத்த சிரட்டையக் குறைச்சு ஊத்துங்க," என்று செரெயானா என்னைக் காட்டிச் சிரித்தாள். ஆனால் மறுமாதமே வேலையை விட்டாள்.

கொரோவோ ஊர்ச் சந்தைக்கு வியாழனன்று மரவள்ளியும் தாலோக் கிழங்கும் கொண்டுவரும் பெண்கள், சனிக்கிழமை விற்று முடியும்வரை மேசைக்கு அடியில் சிமெண்டுத் தரையில்தான் தூங்குவார்கள். அவர்களுக்கு ஒரு தங்கும் வீடு கட்டுவதென்று முடிவானது. நகரசபை இடமும் கொடுத்துப் பணத்துக்கும் வழி செய்தது.

செரெயானா அளவுநாடாவோடு போய் நிற்கவில்லை. சாக்கட்டியோடு போனாள். சந்தைப் பெண்களின் தலைவி மகெரெதாவிடம், "நௌ, நீங்க தூங்குற மாதிரியே படுங்க," என்றாள். அங்கே அம்மா வயதுக்காரர்களை நௌ என்றுதான் கூப்பிடுவோம்.

மகெரெதா பாய் விரித்தாள். பக்கத்தில் கிழங்கு மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஒரு கையையும் போட்டுக்கொண்டு படுத்தாள்.

"மூட்டையுமா, நௌ?"

"பின்ன? புருஷன விட்டுட்டுத் தூங்குவேன், இத விட்டுட்டுத் தூங்க மாட்டேன்."

அவளையும் மூட்டையையும் சேர்த்துச் சுற்றி செரெயானா கோடு போட்டாள். அந்த வீட்டில் ஒவ்வொரு படுக்கையும் அந்த அகலம்தான்.

திறப்புவிழா அன்று காலை சீக்கிரமே போய்ச் சேர்ந்தோம். சுவரில் புதுப் பலகை பளபளத்தது. 'வடிவமைப்பு: கிரஹாம் பெட்டிஃபர்.'

எனக்கு ரத்தம் கொதித்தது. நகரசபை எழுத்தரைப் பிடித்து உலுக்காத குறை. அந்த மனிதர் பாவம், வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். வலது மூலை, முதல் வரி: ஜி.பி.

"பெரிய மனுஷர் ஆச்சே, முழுப் பேரா போடுவோம்னு போட்டேங்க. சிறப்பு விருந்தினராவும் கூப்பிட்டிருக்கேன். பத்து மணிக்கு வந்துருவார்," என்றார்.

செரெயானாவின் முகம் சாம்பலாகிவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கை தானாகத் தட்டியிருக்கிறது. அவளை மட்டும் சொல்லி என்ன பயன்? நகரசபைக்குக் கொடுக்குமுன் அந்தத் தாளை நாங்கள் ஐந்து பேரும் பார்த்தோம். ஒருத்தி கண்ணிலும் உறுத்தவில்லை. அந்த வரியில் அந்த எழுத்து இருப்பதே எங்களுக்கு இயல்பாகிவிட்டிருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"விடு ரேணு. என் கைதானே பண்ணுச்சு? இன்னிக்கு இந்தச் சந்தைக்காரங்க நாள். கெடுக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மகெரெதா தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பலகையை ஒருமுறை படித்துவிட்டு, மறுபடி பெருக்கினாள்.

பத்து மணிக்குக் கிரஹாம் வந்தார், தொப்பியும் ஊன்றுகோலுமாக. சந்தைப் பெண்கள் யங்கோனா கலக்கினார்கள். முதல் சிரட்டை சிறப்பு விருந்தினருக்கு, அது முறை. மகெரெதா சிரட்டையை இரு கையிலும் ஏந்தி எழுந்தாள். கிரஹாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அவரைக் கடந்து, எழுத்தரைக் கடந்து, நேரே தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தாள்.

"நௌ, அவருக்குத்தான் மொதல்ல," என்றாள் செரெயானா பதறி.

"என்னைத் தரையில படுக்க வெச்சு கோடு போட்டது யாரு, அவரா? அவர் முன்னாடி படுத்திருந்தா என் புருஷன் சும்மா விட்டிருப்பானா?"

கூட்டமே சிரித்தது. மகெரெதா மட்டும் சிரிக்கவில்லை.

"மேசைக்கு அடியில இருபத்திரெண்டு வருஷம் படுத்தேன் மகளே. நான் எவ்வளவு அகலம்னு ஒருத்தரும் கேக்கல. நீ கேட்ட. குடி."

செரெயானா ஒரே மூச்சில் குடித்தாள், கண்ணீரும் சேர்ந்து. முறைப்படி எல்லோரும் கையைக் குவித்து மூன்று தட்டுத் தட்டினோம். கொஞ்சம் பிந்தி இன்னொரு தட்டல் கேட்டது. கிரஹாம்.

"இந்த வீட்ல ஒரு ஆணிகூட எனக்குத் தெரியாது," என்றார் பலகையைப் பார்த்தபடி. "இது மட்டும் இல்ல, அந்தப் பள்ளிக்கூடம், தேவாலயம்..." தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அன்று திட்டவும் இல்லை.

பலகையைக் கழற்றினார்கள். மகெரெதா அதைக் கவிழ்த்துப் போட்டு, கிழங்கு சீவ வசதியாக இருக்கிறதென்று வைத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதுப் பலகைக்காகத் திருத்திய வரைபடம் கேட்டார் எழுத்தர். செரெயானா படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். 'ஜி.பி.' போனது. முதல் வரியில் தன் முழுப் பெயரைத் தட்டிவிட்டு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைந்தவர் வரியில் எங்கள் நால்வர் பெயர்.

"சரிபார்த்தவர்?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மகெரெதா தன் படுக்கையில் மூட்டைமேல் கை போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

செரெயானா சிரித்துக்கொண்டே மூன்றாவது வரியில் மகெரெதா என்று தட்டினாள்.