சும்மா கிடந்த லைசென்ஸ்

ஷர்மிளா கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவள் என்ற விஷயம் ஷர்மிளாவுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதைச் சொன்னவர் பொழிச்சலூரில் ஒரு சின்ன பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை ஈவ்லின். மழலை வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனுக்கு ஒரு பெண் ஓட்டுநர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். வேலை ஏறக்குறைய ஷர்மிளாவுக்கு என்று முடிவாகிவிட்டது. ஒரு சம்பிரதாயத்துக்காக அவளுடைய லைசென்ஸ் நம்பரைப் போனில் தட்டியவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது உங்க லைசென்ஸ்தானே?"

"ஆமாம் மிஸ்."

"துரைப்பாக்கத்துல ஓவர் ஸ்பீடு. சோழிங்கநல்லூர்ல ஓவர் ஸ்பீடு. நாவலூர்ல சிக்னல் ஜம்ப். கேளம்பாக்கத்துல மறுபடி ஓவர் ஸ்பீடு. எல்லாமே இந்த வருஷம்தான். அஞ்சாவது வந்தா லைசென்ஸையே முடக்கிடலாமாம். உங்களை நம்பி நான் எப்படிம்மா குழந்தைங்களை ஏத்தி விடறது?"

ஷர்மிளாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சோழிங்கநல்லூருக்கு அவள் கடைசியாகப் போனது ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் பஸ்ஸில். லைசென்ஸ் வாங்கிய புதிதில் நாலைந்து முறை காரை எடுத்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்த கணவன் மோகன்ராஜ் ஒவ்வொரு தடவையும் "ஐயோ, போச்சு" என்று அலறியதில் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டாள். இந்த வேலைக்காகத்தான் இப்போது பம்மல் டிரைவிங் ஸ்கூலில் மறுபடி பழகியிருந்தாள். அவளுடைய வேகத்தைப் பார்த்து அங்கே சைக்கிள்காரர்கள் சலித்துக்கொண்டார்கள்.

"ஏதோ தப்பு நடந்திருக்கு மிஸ். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

"குடுக்கறேன். சனிக்கிழமை வந்து ஸ்கூல் கிரவுண்டுக்குள்ள ஓட்டிக் காட்டுங்க. ஆனா இதைச் சரி பண்ணாம ரோட்ல விட மாட்டேன்."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் பொறி தட்டியது. ஓடிபி!

கார் ஷர்மிளா பெயரில் இருந்தது. பெண்கள் பெயரில் கடன் வாங்கினால் வட்டியில் சலுகை என்று மோகன்ராஜ்தான் அப்படி வாங்கினான். கேமராவில் வண்டி மாட்டினால் நோட்டீஸ் அவள் போனுக்கு வரும். அதை அவள் படிக்காமலே மோகன்ராஜுக்கு அனுப்பிவிடுவாள். ஓட்டியது யார் என்று உரிமையாளர் இணையத்தில் சொல்ல வேண்டும். அதை உறுதி செய்ய ஒரு நம்பரும் அதே போனுக்கு வரும். அங்கே நிரப்பிவிட்டு உடனே மோகன்ராஜ் கூப்பிடுவான். "ஷர்மி, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு." அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிவந்து ஒவ்வொரு எண்ணாக வாசிப்பாள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று பேங்க்காரன் கரடியாய்க் கத்துகிறான். கட்டின புருஷனுக்குச் சொல்லாதே என்று எந்தப் பேங்க்காரனும் சொல்லித் தரவில்லையே!

சாயங்காலம் கேட்டபோது மோகன்ராஜ் கொஞ்சமும் அசரவில்லை. சிறுசேரி பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளுக்கு டைல்ஸ் விற்கும் கம்பெனியில் அவன் சேல்ஸ் மேனேஜர். எதையும் யார் தலையிலும் கட்டத் தெரிந்தவன்.

"அட, அதுவா? உன் லைசென்ஸ் வீட்ல சும்மாதானே கிடக்குது. என் பேர்ல ஏறியிருந்தா அப்பவே லைசென்ஸ் முடங்கி, கார்ல சுத்தற என் வேலையும் போயிருக்கும். இன்சூரன்ஸ் ரெனியூவலும் ஏறுமாம். ஓட்டறவன் ரெக்கார்டைப் பார்த்துத்தான் இனி பிரீமியம் போடுவாங்கன்னு ஏஜென்ட் அசரியா சொன்னார். இந்த ஐடியாவே அவர் குடுத்ததுதான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"இதுல கேக்க என்ன இருக்கு? எங்க ஆபீஸ் ராஜகோபால் அவங்க மாமியார் பேர்ல போட்டிருக்கார். அந்தம்மாவுக்கு முட்டி மடங்காது, தெரியுமா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் இப்படி எத்தனை பெண்கள் பறந்துகொண்டிருக்கிறார்களோ! பாவம், அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயரை ஒருவன் சட்டை மாதிரி எடுத்து இஷ்டத்துக்கு உபயோகித்துவிட்டுத் திரும்ப மாட்டி வைத்திருக்கிறான், அதுவும் கூடவே குடித்தனம் நடத்துகிறவன். அதோடு இன்னொரு விஷயமும் அவளை உறுத்தியது. போன மாதம் பல்லாவரம் சிக்னலில், கையில் போனோடு மோகன்ராஜ் போலீஸ்காரரிடம் நேராகவே மாட்டினான். நேரில் மாட்டும்போது பெண்டாட்டியைக் காட்ட முடியாதே. அவன் பேரிலேயே முன்பு ஏறியிருந்த கேஸ்களையும் சேர்த்து லைசென்ஸை மூன்று மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள்.

"சரி, இனிமே உன் பேரை இழுக்க மாட்டேன். சத்தியம்" என்றான். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கார் சாவியை எடுத்தான்.

"உங்க லைசென்ஸ்தான் முடக்கியாச்சே?"

"யார் பார்க்கப் போறாங்க? நிதானமாத்தான் போவேன்."

அன்றிலிருந்து போனில் டிங் என்று சத்தம் கேட்டாலே ஷர்மிளாவுக்குப் பகீரென்றது. பால்காரரின் ரசீதாக இருக்கும், ஏதாவது விளம்பரமாக இருக்கும். ஆனாலும் பார்த்து முடிக்கும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஈவ்லின் மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தினமும் நினைத்தாள். சொன்னால் புருஷன் மாட்டுவான், சொல்லாவிட்டால் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு, மோகன்ராஜிடமும் சொல்லாமல், சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை. மைதானத்தில் மஞ்சள் வேன் நின்றது. ஈவ்லின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். வாட்ச்மேன் எலியேசர் ஓரத்தில் செங்கல்லை நட்டு வழி குறித்தார். ஷர்மிளா கிளட்ச்சை மெல்ல விட்டாள். வேன் நகர்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பின்பக்கமாக எடுத்துச் செங்கல்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார் ஈவ்லின். ஒரு கல்கூட அசையவில்லை. எலியேசர் கையைத் தட்டினார். சந்தோஷத்தில் ஷர்மிளாவுக்குக் கண் கரித்தது.

"இப்படி ஓட்டற நீங்களா சோழிங்கநல்லூர்ல அந்த வேகத்துல போனீங்க?" என்று கேட்டார் ஈவ்லின். அவர் குரலில் சந்தேகம் இருந்தது, ஆனால் அது ஷர்மிளாவின் மேல் இல்லை.

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது போன் டிங் என்றது. அடுத்த நொடியே அழைப்பு. மோகன்ராஜ்.

"ஷர்மி, ஒரு ஓடிபி வந்திருக்கும். சீக்கிரம் சொல்லு." மூச்சு வாங்கியது. பின்னால் கடல் காற்றின் இரைச்சல்.

பழக்கதோஷத்தில் எண்ணை வாசிக்கப் போனவள் நிறுத்தினாள். இத்தனை நாள் படிக்காமல் தாண்டிப்போன மேல் வரிகளைப் படித்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. விபத்து நேரத்தில் வாகனத்தை ஓட்டியவர்: ஷர்மிளா. உறுதி செய்ய இந்த எண்ணைத் தெரிவிக்கவும்.

போனை மறுபடி காதில் வைத்தாள்.

"யாரை இடிச்சீங்க?"

"கோவளம் திருப்பத்துல... மீன் கூடையோட ஒரு அம்மா. குறுக்கே வந்துட்டாங்க. நான் நிறுத்தல ஷர்மி, கூட்டம் சேர்ந்துடுச்சு. கொஞ்ச தூரம் தள்ளி வந்து நிக்கறேன்."

"உயிரோட இருக்காங்களா?"

"இருப்பாங்க."

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா?"

"அசரியாகிட்ட சொல்லிட்டேன்."

ஷர்மிளாவுக்கு அவன் குரலே யாரோ ஒருவனுடையதாகக் கேட்டது. அவன் விடாமல் பேசினான். "கேளு. லைசென்ஸ் முடங்கினவன் ஓட்டினான்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். நான் உள்ளே போயிடுவேன். நீ ஓட்டினதா இருந்தா அந்த அம்மாவுக்கும் பணம் கிடைக்கும், அவங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். நீ பயந்துபோய் இறங்கி ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டே, அவ்வளவுதான். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஏற்கெனவே நாலு தடவை நீதான் வேகமா ஓட்டியிருக்கே, ரெக்கார்டுல இருக்குது."

அந்த நாலு எண்களையும் அவளே, தன் வாயாலேயே வாசித்துக் கொடுத்திருந்தாள்.

"ஷர்மி, லைன்ல இருக்கியா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. காலைலேர்ந்து நீ வீட்ல தனியாத்தானே இருக்கே? உன்னை யாரும் பார்க்கலையே?"

பள்ளிக்கூட மைதானம் அமைதியாக இருந்தது. எலியேசர் செங்கல்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஈவ்லின் பெல்ட்டைக் கழற்றாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷர்மிளாவின் இடது கை இன்னும் ஸ்டியரிங்கில் இருந்தது.

"பார்த்தாங்க" என்றாள்.

"என்னது? யாரு?"

"நான் வண்டி ஓட்டிட்டு இருந்தேங்க. பக்கத்துல உக்காந்து பார்த்தாங்க."

அவன் ஏதோ கத்தினான். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். கோவளம் திருப்பம், மீன் விற்கிற அம்மா, என் பேர்ல இருக்கற கார் இடிச்சிடுச்சு என்று மூன்று முறை சொன்னாள். ஏற்கெனவே யாரோ சொல்லிவிட்டார்கள், வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். அந்த அம்மாவைப் பற்றி அவர்களுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

போனை மடியில் வைப்பதற்குள் மறுபடி அடித்தது. தெரியாத லேண்ட்லைன் நம்பர்.

"இறங்கிடாதீங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு ஷர்மிளா அதை எடுத்தாள்.

"கார் ஓனர் ஷர்மிளாதானே? ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம்" என்றது ஓர் ஆண் குரல். "உங்க பேர்ல நிறைய ஸ்பீடு கேஸ் இருக்குதேம்மா."