மிளகாய்த்தூள், தேவையான அளவு

பெயிண்டுக் கடையில் நிறம் கலக்குபவர் அவர். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அதே நிறத்தைக் கலந்து கையில் கொடுத்துவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் ஆள் கெட்டிக்காரர். அடுப்புப் பக்கம்தான் வெந்நீர் வைக்கக்கூடப் போனதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைக்கக் கிளம்பினார் என்றால் காரணம் இல்லாமலா? மகள் பிறந்தபோது மனைவி விட்ட ஆய்வுக்கூட வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். மாலை ஷிப்ட். ஒன்பது வருஷமாக அவள் ஏங்கிய வேலை. ஆனால் தான் இல்லாமல் இவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று அவளுக்கு ஒரே கவலை. அவர் தனியாக ஒரு குழம்பு வைத்துக் காட்டட்டும், மூன்று மணிக்குள் பதில் சொல்லிவிடுகிறேன் என்றாள். தன்னால் அவள் வேலை போய்விடக்கூடாதே என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

சமையல் குறிப்பு நோட்டைக் கொடுத்துவிட்டு அவள் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. மிளகாய்த்தூளுக்கு மட்டும் ‘தேவையான அளவு’ என்று எழுதியிருந்தாள். யாருக்குத் தேவையான அளவு? கடைச் சீட்டில் இப்படி எழுதினால் முதலாளி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கேட்கலாம் என்றால், கேட்டாலே தோற்ற மாதிரி.

அப்போதுதான் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறையைப் பார்த்தார். செங்கல் நிறம், நன்றாகக் காய்ந்தது. குழம்பு சிந்திய கறை என்று முடிவே கட்டிவிட்டார். நிறம் பார்க்க இதைவிட நல்ல மாதிரி வேறென்ன வேண்டும்?

கோழி வெந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்பூன் தூள் போட்டு, ஒரு சொட்டை வெள்ளை அட்டையில் வைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கறையோடு ஒப்பிட்டார். வெளுப்பு. ஈரத்தில் நிறம் பார்ப்பவன் பெயிண்டுக்காரனே இல்லை என்பது அவர் கொள்கை. இரண்டாவது ஸ்பூன், மூன்றாவது ஸ்பூன். டிரையர் சத்தம் கேட்கக் கேட்க, கூடத்தில் இருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது ஸ்பூனில் நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. ருசி பார்க்க வேண்டும் என்று மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. பெயிண்டை யார் நக்கிப் பார்க்கிறார்கள்?

மனைவி முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்குக் காதில் புகை வராத குறை. மகள் மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டாள். நிறம் சரியாகத்தானே இருக்கிறது என்று அவர் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மனைவி கறையைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“இது குழம்பு இல்லைங்க. ஜன்னல் கம்பிக்கு நீங்க அடிச்ச ரெட் ஆக்சைடு பெயிண்டு.”

கடையில் டப்பா டப்பாவாக அவர் கையால் எடுத்துக் கொடுக்கும் சரக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வெட்கத்தைவிடத் துக்கம்தான் அதிகம். அவள் ஆசையைத் தானே கெடுத்துவிட்டோமே என்று நோட்டை மூடிவைத்தார்.

அப்போது மகள் தட்டை நீட்டினாள். மூக்கு ஒழுகியது, கன்னமெல்லாம் கண்ணீர்.

“நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா. நீ வேலைக்குப் போம்மா.”

மனைவி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண் நிறைந்தது, அதற்கு மிளகாய் மட்டும் காரணம் இல்லை. எழுந்து கையைக் கழுவி, ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு, நாளை மாலையிலிருந்து வருவதாகச் சொன்னாள். அவள் பேசி முடிக்கும்வரை மகள் மென்றுகொண்டே இருந்தாள்.

“நிஜமாவே சொல்லிட்டியாம்மா?”

“சொல்லிட்டேன்டி.”

“அப்ப யாராவது தண்ணி குடுங்க.”