கடைசிக் கை

அமெரிக்காவின் விச்சிட்டா ஊரில் ஹால்வர்சன் விமானக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. புது விமானம் முதன்முதலில் மேலே போகும்போது, அதில் கடைசியாகக் கை வைத்து வேலை செய்தவர் முன் இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும். வேலையில் கோட்டை விட்டவன் பைலட்டோடு சேர்ந்தே விழட்டும் என்று முதலாளி போட்ட சட்டம். கொடூரமானதுதான். ஆனாலும் அந்த இருக்கைக்குப் பட்டறையே அடித்துக்கொண்டது.

எட்னா க்ரேபில் நான்கு வருடமாக இறக்கைகளுக்குத் துணி தைக்கிறாள். அவள் தைத்த துணியில் பதினொரு விமானங்கள் பறந்துவிட்டன. அவள் கால் மட்டும் தரையை விட்டதில்லை. தையல் முடிந்த பிறகு எப்போதும் ஒரு மெக்கானிக் வந்து எதையாவது முடுக்கிவிட்டு இருக்கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். பெரும்பாலும் அது வெர்ன்.

1928 ஏப்ரலில் பன்னிரண்டாவது விமானம் தயாரானது. பதினொரு மணிக்குத் தபால் ஒப்பந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். காலையில், விமானத்தைச் சாய்க்கும் ஓரப்பலகையை அசைக்கிற கம்பி உள்ளே தளர்ந்திருக்கிறது என்று வெர்ன் இடது இறக்கையின் துணியைக் கிழித்துக் கம்பிகளை மாற்றினான். கிழிசலைத் தைக்க எட்னாவைக் கூப்பிட்டார்கள். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசிக் கை அவளுடையது.

"இன்னிக்கு நான்தான் போறேன்," என்றாள்.

வெர்ன் சிரித்தான். "ஊசி பிடிச்சவங்க எல்லாம் பறக்கணும்னா எங்கம்மா இந்நேரம் நிலாவுல இருக்கணும். போம்மா, போய் அடுத்த இறக்கையைப் பாரு."

"சட்டம்னா சட்டம்தான். நகருடா," என்றார் முதலாளி ஹால்வர்சன்.

எட்னா ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமியது. பின்னால் பைலட் க்ளைட், விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை அவசரமாக ஆட்டிப் பார்த்தார். அதோடு இணைந்த இன்னொரு ஸ்டிக் அவள் முழங்கால்களுக்கிடையே இடப்பக்கம் சாய்ந்தது. இடது இறக்கையின் ஓரப்பலகை கீழே இறங்கியது.

எட்னா அந்தப் பலகையையே பார்த்தாள். பதினொரு விமானங்களிலும் ஸ்டிக் இடப்பக்கம் போனால் அந்தப் பலகை மேலேதான் ஏறும். பலகை அசையும்போது தையல் எங்கேயாவது பிடிக்கிறதா என்று அவளே பலமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் இப்போது நிறுத்தச் சொல்லி, தான் நினைத்தது தப்பாகிவிட்டால்? பயந்து இறங்கிவிட்டாள் என்று ஊர் சிரிக்கும். இந்த இருக்கை இன்னொரு தடவை கிடைக்காது.

விமானம் உருளத் தொடங்கியது. அவள் இரண்டு கையாலும் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு க்ளைட் கத்தினார். "பைத்தியமா உனக்கு? விடு கையை."

"இடப்பக்கம் தள்ளிட்டு அந்தப் பலகையைப் பாருங்க."

பார்த்தார். இறங்கிப் போய் வெர்னைக் கூப்பிட்டார். வெர்ன் அவசரத்தில் கம்பிகளை இடம் மாற்றி மாட்டியிருந்தான். மேலே போயிருந்தால் இடப்பக்கம் திருப்பியது வலப்பக்கம் கவிழ்ந்திருக்கும்.

துணியை மறுபடி கிழித்தார்கள். வெர்ன் முகம் வெளுத்துப்போய்க் கம்பிகளைச் சரிசெய்தான். முடித்துவிட்டு முதலாளியிடம் வந்தான். "தப்பு என்னோடது. கடைசிக் கையும் என்னோடது. நானே போறேன்."

எட்னா கிழிசலைக் காட்டினாள். "இந்த ஓட்டையோடவா?"

ஹால்வர்சன் விழுந்து விழுந்து சிரித்தார். வெர்னே போய் ஊசியும் நூலும் எடுத்து வந்து கொடுத்தான். எட்னா தைத்தாள், வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவள் தைத்ததே இல்லை. தையல் மேல் அவளே பூசிய வார்னிஷ் காய்ந்ததும் ஏறி உட்கார்ந்தாள். க்ளைட் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்.

"எட்னா, சரியா இருக்கா?"

பலகை மேலே ஏறியிருந்தது. "சரியா இருக்கு. போலாம்," என்றாள்.