இருபது ஓம்

எனக்கு வாய் அதிகம் என்று தலைமன்னாரில் ஆரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். என் மனுசன் கிறகரி கடலுக்குப் போவதே பெண்சாதியின் வாய்க்குப் பயந்துதான் என்று ஒரு பகிடி உண்டு. இருக்கட்டும். எங்கள் மகள் பெற்றிசியாவுக்கு வாய் குறைவு. ஒன்பது வருஷமாக அவளுக்கும் சேர்த்து நான்தான் கதைத்தேன். கடைக்காரன் கேட்டால் நான் பதில் சொல்லுவேன். சுவாமியார் கேட்டாலும் நான்தான். "பிள்ளைக்குக் கூச்சம்" என்று ஒரு வார்த்தை வைத்திருந்தேன், எல்லா இடத்துக்கும் அது போதும். "பெற்றியில ஏதோ ஒரு குறை இருக்குப் போல" என்று வாய் தவறிச் சொன்ன மச்சாளோடு இரண்டு வருஷம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் நாலாம் வகுப்பிலும் அவளுக்கு அ எது ஆ எது என்று தெரியாது. கடைசி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, கரும்பலகையில் இருப்பதைப் படம் கீறுவதுபோல் கொப்பியில் கீறிக்கொண்டு வருவாள். எழுத்தெல்லாம் வடிவாக இருக்கும். வாசிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

சண்டையால் நின்றுபோன ரெயில் திரும்பவும் ஓடத் தொடங்கியதற்கு அடுத்த வருஷம் அது. ஒருநாள் பள்ளி விட்டும் பிள்ளையைக் காணவில்லை. தேடிப் போனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே எடித் ரீச்சரின் வகுப்பு. படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் விசேட கல்வி அலகு அது. பதினொரு பிள்ளைகள் நிலத்தில் இருந்து சிப்பி எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு நூர்ஜஹானின் மகன் சனூன் பிழையாக எண்ணினான். "திரும்ப எண்ணுவம்" என்று மட்டும் சொன்னா எடித் ரீச்சர்.

வீட்டுக்கு வரும் வழியில் பெற்றி சொன்னாள், "அம்மா, அங்க ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அந்த ஒரு வார்த்தையில் என் ஒன்பது வருஷ வீம்பு ஆட்டம் கண்டது. அந்த வகுப்பில் என் பிள்ளைக்கு ஒரு இடம் எடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

எடித் ரீச்சர் வழி சொன்னா. மன்னார் ரவுணில் கல்விக் கந்தோரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அவர்கள் கடிதம் தந்தால்தான் சேர்க்கலாம். நான் நேரே நூர்ஜஹானிடம் ஓடினேன். "சனூனிட்ட என்னென்ன கேட்டவை?" என்று ஒன்று விடாமல் விசாரித்தேன். பேர், வயது, பள்ளிக்கூடம், நீல மட்டையைக் காட்டி நிறம், ஒரு கையில் எத்தனை விரல், பசு என்ன தரும். ஆறு கேள்வி.

"அவன் ஒண்டும் சொல்லல்ல, லூசியா. பேசாம இருந்தான். அல்லாஹ்ட கிருபை, கிடைச்சிட்டு" என்றாள் நூர்ஜஹான்.

ஒன்றும் சொல்லாத பிள்ளைக்கே இடம் என்றால் எல்லாம் சொல்லும் பிள்ளைக்கு முதல் இடம் அல்லவா? இந்த நாட்டில் எந்த நல்ல பள்ளிக்கூடத்துக் கதிரை சோதனை பாஸ் பண்ணாமல் கிடைத்திருக்கிறது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே புலமைப்பரிசில் சோதனைக்கு நித்திரை இல்லாமல் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

பெற்றிக்கு மனப்பாடம் பண்ண வரும். கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது பத்துக் கட்டளையையும் ஒழுங்கு பிசகாமல் சொன்னவள். நடுவில் நிறுத்தி ஐந்தாவது எது என்று கேட்டால்தான் முழிப்பாள். ஒரு மாதம் அடுப்படியில் வைத்து ஆறு பதிலையும் சொல்லிக் கொடுத்தேன். பெற்றிசியா, ஒன்பது, பள்ளிக்கூடத்தின் பேர், நீலம், ஐந்து, பால். நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவாள். "எல்லாம் சரியாச் சொன்னா எடித் ரீச்சரிட்டப் போகலாம்" என்றேன். கையில் பல்லுப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டும் "நீலம், ஐந்து, பால்" என்றுதான் நின்றாள், பாவம்.

அன்றைக்குப் பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக் கூட்டிப்போனேன். கந்தோர் விறாந்தை நிறையப் பிள்ளைகள். எங்களைப் பார்த்தவர் றசாக் சேர். நரைத்த தாடி, களைத்த கண். முதலில் என்னிடம் ஒரு படிவம் நிரப்பினார். இருபது கேள்வி. "தானே தலை சீவுவாவா?" "ஓம்." "தனியக் கடைக்குப் போய் வருவாவா?" "ஓம்." "எழுத்துத் தெரியுமா?" "ஓம்." இருபதுக்கும் ஓம். ஒரு கேள்விக்கும் நான் யோசிக்கவில்லை.

பிறகு என்னைப் பின்னால் இருத்திவிட்டுப் பெற்றியைக் கேட்டார். அதே ஆறு கேள்வி, அதே ஒழுங்கு. பிள்ளை மணிமணியாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு விம்மியது.

"நல்லாச் சொல்றா" என்றார் றசாக் சேர். "இவவுக்கு விசேட அலகு தேவைப்படாது அம்மா. கொஞ்சம் பின்தங்கியிருக்கா, அவ்வளவுதான். இருக்கிற வகுப்பிலயே இருக்கட்டும்."

"அப்ப எடித் ரீச்சரிட்ட எப்ப சேர்க்கிறது?"

"அது ஏலாத பிள்ளைகளுக்கு. உங்கட பிள்ளைக்குத்தான் எல்லாம் ஏலுமே." சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

பஸ் நிலையம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். படித்த பிள்ளைக்கு இடமில்லையாம், இது என்ன நியாயம்! பெற்றி என் கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். "நான் எல்லாம் சொன்னனான் அம்மா. நான் பாஸோ? நாளைக்குப் போறதோ?"

முதலில் ஏதாவது சாப்பிடுவம் என்று அவளைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடையில் நின்ற மனுசி அவளைப் பார்த்துக் கேட்டா, "மகளுக்கு வடையோ, றோல்ஸோ?"

பெற்றி என் வாயைப் பார்த்தாள். முகத்தை இல்லை, வாயை. அது எப்போது திறக்கும் என்று காத்துக்கொண்டு நின்றாள். நானும் "வடை" என்று சொல்லத் திறந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே கந்தோருக்குள்ளே பேசியதும் என் வாய்தான். பாஸ் பண்ணினது நான். யன்னலுக்கு வெளியே நிற்கப்போவது என் பிள்ளை.

பெற்றியை இழுத்துக்கொண்டு திரும்பவும் கந்தோருக்கு ஓடினேன். விறாந்தை வெறிச்சோடிக் கிடந்தது. றசாக் சேர் கோவைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பெற்றியை வெளி வாங்கில் இருத்தினேன். நான் சொல்லப்போவது அவள் காதில் விழக்கூடாது.

"சேர், நான் பொய் சொன்னனான். இருபதும் பொய்" என்றேன்.

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கதிரையில இருங்கோ அம்மா" என்றார். நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலை சீவத் தெரியாது. கடைக்குப் போனால் எதற்குப் போனாள் என்று மறந்துபோகும். எழுத்துத் தெரியாது. செருப்பைக் கால் மாறிப் போடுவாள், இன்றைக்கும் நான்தான் மாற்றிவிட்டேன். அந்த ஆறு பதிலும் என்னுடையது. என் மச்சாள் ஒன்றைச் சொன்னதற்கே சண்டை பிடித்த நான், அத்தனையையும் என் வாயாலேயே சொன்னேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

"இதை எழுத முதல் நான் பிள்ளையைத் திரும்பப் பார்க்கோணும்" என்றார். "நீங்கள் பக்கத்தில இருக்கலாம். ஆனா வாய் திறக்கக்கூடாது."

பெற்றி வந்து கதிரையில் ஏறி இருந்தாள். மேசையில் நாலு நிற மட்டைகளைப் பரப்பினார். "மகள், சிவப்பு எடுங்கோ."

"நீலம்" என்றாள்.

"சிவப்பு, மகள்."

"ஐந்து... பால்."

பிறகு திரும்பி என் வாயைப் பார்த்தாள். நான் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தச் சிவப்பு மட்டை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதாவே, ஒரு பிள்ளையை இவ்வளவு நேரம் தனியே விடலாமா என்று இருந்தது எனக்கு.

கடைசியில் அவரிடம் திரும்பினாள். "எனக்குத் தெரியாது" என்றாள். அந்த வார்த்தையை என் பிள்ளை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். பிறகு கேட்டாள், "ஆராவது சொல்லித் தருவீங்களோ?"

றசாக் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தருவம் மகள்" என்றார். இருபது ஓமையும் அவரே வெட்டினார், பக்கத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். கட்டிய கோவையை அவிழ்த்து, எங்கள் படிவத்தை உள்ளே வைத்துக் கட்டி, எடித் ரீச்சருக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும் பெற்றி கேட்டாள், "அம்மா, கடைசியா எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நான் பாஸோ?"

"பாஸ் ராசாத்தி" என்றேன். "திங்கக்கிழமை போறம்."

அதே தேத்தண்ணிக் கடை. அதே மனுசி. இந்தமுறை நான்தான் கேட்டேன், "பெற்றி, வடையோ, றோல்ஸோ?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். தலைமன்னார் பஸ் கோர்ண் அடித்துக்கொண்டு புறப்பட்டது. போகட்டும், அடுத்தது வரும். கடைக்கார மனுசி ஏதோ சொல்ல வாயெடுத்தா. கையைக் காட்டி நிறுத்தினேன்.

"றோல்ஸ்" என்றாள் என் பிள்ளை.

ஒன்பது வருஷமாக அவளுக்கு நான் வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.